கைகழுவிய கதை

கொரோனா மிரட்ட ஆரம்பித்த 2020 மார்ச் 20 அன்று கூகுள் தன் முகப்பில் ஒரு மீசைக்கார ஐரோப்பிய டாக்டரின் படத்தைப் போட்டுக் கை கழுவக் கற்றுக்கொடுத்தது. இக்னாஸ் செமல்வைஸ். இவர் கதை உங்களுக்கு நாலைந்து முறையாவது வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். கையைக் கழுவுங்கள் என்று சொன்னார், சக டாக்டர்கள் கேட்கவில்லை, கடைசியில் மனநோய் விடுதியில் செத்துப்போனார். கண்ணீர் வரவழைக்கும் கதை. பெரும்பாலும் நிஜமும்கூட. ஆனால் அவர் எழுதிய புத்தகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கென்னவோ விஷயமே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வியன்னா பொது ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சிகள். 1846ல் முதல் வார்டில் 100 தாய்மார்களுக்கு 11 பேர் பிரசவ ஜுரத்தில் இறந்தார்கள். இரண்டாவதில் 3 பேருக்கும் குறைவு. எந்தக் கிழமை போனால் எந்த வார்டு என்பது ஊருக்கே தெரியும். முதல் வார்டு வேண்டாம் என்று மண்டியிட்டுக் கெஞ்சியிருக்கிறார்கள். அதற்குத் தெருவிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. அவர்கள் பிழைத்தார்கள்!

1847ல் செமல்வைஸின் நண்பர் கொலெட்ச்கா, பிரேதப் பரிசோதனையில் கத்தி கீறி, ஜுரம் கண்ட தாய்மாரைப் போலவே செத்தார். அப்போதுதான் பொறி தட்டியது. மாணவர்கள் பிணம் அறுத்த கையோடு நேரே பிரசவம் பார்க்க வருகிறார்கள். அந்த மே மாதமே, கிட்டத்தட்ட நம் ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டார். 1848ல் இரண்டு வார்டிலும் சாவு நூற்றுக்கு ஒன்று சொச்சம். கிருமி என்கிற சமாச்சாரமே நிலைநாட்டப்படாத காலம் அது.

இப்படி ஒரு முடிவு கையில் கிடைத்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? அன்று ராத்திரியே எழுதி அனுப்பியிருப்போம். மனிதர் எழுதவில்லை. நண்பர் ஹெப்ரா அவருக்காக ஒரு பத்திரிகையில் இரண்டு சின்னக் குறிப்புகள் எழுதினார். செமல்வைஸின் சொந்தப் புத்தகம் ஜெர்மனில் வெளிவந்தது 1861ல். பதினாலு வருஷம்! ஐந்நூறு பக்கத்துக்கு மேல்.

அதன் முன்பகுதி அற்புதம். காற்றில் விஷமா? இரண்டு வார்டுக்கும் ஒரே காற்று. கூட்டமா? இரண்டாவதில்தான் கூட்டம் அதிகம். சாகக் கிடப்பவளுக்காக மணியடித்துக்கொண்டு வரும் பாதிரியாரைப் பார்த்துப் பயந்தே ஜுரம் வருகிறதோ? மணியை நிறுத்தி, அவர் வரும் வழியையும் மாற்றிப் பார்த்தார். குறையவில்லை. ஒவ்வொன்றாக அட்டவணையோடு தள்ளிக்கொண்டே போகிறார், துப்பறியும் கதை தோற்றது. தன் கையாலேயே எத்தனை பேர் செத்தார்களோ என்று கலங்கும் இடத்தில் மனசு கனத்துப்போகும். அத்தோடு முடித்திருக்கலாம். அதற்குப் பிறகு வருவது யார் என்ன சொன்னார், அவருக்கு என் பதில் என்ன என்கிற வழக்காடல். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, படிக்கிறவனுக்குத் தாவு தீர்ந்துவிடுகிறது. அதுவும் போதாமல் பெரிய பேராசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, கொலைகாரர்கள் என்றார். உண்மையைத்தான் சொன்னார், ஆனால் கொலைகாரன் என்று அழைக்கப்பட்டவன் எழுந்துபோய்க் கை கழுவுவானா?

அப்படியானால் நன்றாக எழுதியிருந்தால் கேட்டிருப்பார்களா? அதற்கும் பதில் இருக்கிறது. 1843ல், செமல்வைஸுக்கு நாலு வருஷம் முன்னால், பாஸ்டனில் ஆலிவர் வென்டல் ஹோம்ஸ் இதே ஜுரத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். டாக்டர், அதோடு அமெரிக்காவே கொண்டாடிய கவிஞர். வக்கீல் மாதிரி சாட்சிகளை வரிசையாக நிறுத்தி, வீடு வீடாக ஜுரத்தைக் கொண்டுபோவது டாக்டரும் நர்ஸும்தான் என்று நிரூபித்தார். மூவரில் நடை என்று பார்த்தால் இவர்தான். பலன்? பிலடெல்பியாவில் மெய்க்ஸ் என்ற பெரிய பேராசிரியர், இதையெல்லாம் தற்செயல் அல்லது ஆண்டவன் செயல் என்று வேண்டுமானால் ஏற்பேன், தொற்று என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார். ஹோம்ஸ் 1855ல் கட்டுரையை மறுபடி அச்சிட்டார்.

அந்த ஹோம்ஸே சாட்சிக்கு அழைத்த இன்னொருவர் இருக்கிறார். ஸ்காட்லாந்தின் அபர்டீன் ஊர்க்காரர், அலெக்சாண்டர் கார்டன். 1789 கடைசியில் அந்த ஊரில் பிரசவ ஜுரம் பரவியது. இவர் 77 பேரின் கேஸை எழுதிவைத்தார். பெயர், வயசு, வீடு, பிழைத்தாளா இல்லையா. கூடவே யாரும் யோசிக்காத இன்னொரு கட்டம்: பிரசவம் பார்த்தது யார். எழுதி முடித்ததும் விஷயம் பளிச்சென்று விழுந்துவிட்டது. குறிப்பிட்ட சிலர் போன வீடுகளுக்குத்தான் ஜுரம் போயிருக்கிறது. துணிகளைக் கொளுத்துங்கள், பிரசவம் பார்க்கிறவர்கள் உடம்பைக் கழுவிக்கொள்ளுங்கள் என்று 1795ல் புத்தகமே போட்டார். செமல்வைஸுக்கு 66 வருஷம் முன்னால்.

கார்டனும் அப்பழுக்கில்லாதவர் அல்ல. அவர் பெருமையாகச் சொல்லும் வைத்தியம், ஜுரக்காரியின் உடம்பிலிருந்து ரத்தத்தை இறக்குவது. பின்னால் வந்த சில டாக்டர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கழுவுகிற பாகத்தை விட்டுவிட்டார்கள். மருத்துவச்சிகளைப் பெயர் போட்டு எழுதியதிலும் எனக்குச் சங்கடம் உண்டு. டாக்டருக்குப் பட்டம் இருக்கிறது, கடற்படை வேலை இருக்கிறது. ஊரில் பெயர் கெட்ட மருத்துவச்சிக்கு வேறு பிழைப்பு ஏது? ஊர் கார்டன் மீதும் பாய்ந்தது. அவர் கடற்படைக்கே திரும்பிப்போய், 1799ல் இறந்தார்.

இருந்தாலும் மூன்றில் எது உசத்தி என்றால் நான் கார்டனைத்தான் சொல்வேன். ஹோம்ஸிடம் வாதம் இருக்கிறது, செமல்வைஸிடம் ஆவேசம் இருக்கிறது. இவரிடம் இருப்பது ஒரு கணக்கு, அந்தக் கணக்கில் அவரும் சேர்த்தி. செமல்வைஸும் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார்தான், ஆனால் எத்தனை பேர் என்று ஆண்டவனுக்கே தெரியும் என்று விட்டுவிட்டார். கார்டனின் அட்டவணையில் எண்ணிப் பார்க்கலாம்.

செமல்வைஸின் புத்தகத்தை கார்ட்டர் என்பவர் 1983ல் ஆங்கிலத்தில் சுருக்கி மொழிபெயர்த்திருக்கிறார். படிக்கிறவர்கள் மேல் இரக்கம் உள்ள மனிதர். ஹோம்ஸின் கட்டுரை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் முதலில் கார்டனின் அட்டவணையைத் தேடி எடுங்கள். ‘பிரசவம் பார்த்தவர்’ என்ற கட்டத்தில் விரல் வைத்து மேலிருந்து கீழே வாருங்கள். மருத்துவச்சிகளின் பெயர்களுக்கு நடுவே, அதே அளவு எழுத்தில், புத்தகம் எழுதியவரின் பெயரும் வரும்.