முகமும் பெயரும்: நிழற்படக் கலை பற்றிய ஒரு நோக்கு

நிழற்படக் கலையைக் கற்பிப்போர் பெரும்பாலும் கருவியிலிருந்தே தொடங்குவர். துவாரத்தின் அளவையும் மூடியின் விரைவையும் வில்லையின் குவியத்தையும் அறிந்தோன் நற்படம் எடுப்பான் என்பது அவர்தம் துணிபு. இத்துணிபு எத்துணைப் பொருந்தும் என்பதை, இலங்கையில் வாழ்ந்து மறைந்த ஒரு கலைஞரின் படங்களைக் கொண்டு ஆராய்தல் தகும்.

1815இல் கல்கத்தாவிற் பிறந்த யூலியா மார்கரட் கமரன் தமது 48ஆம் வயதிலேயே முதன்முதலாகக் கமராவைக் கையாண்டார். அவருடைய படங்களில் குவியம் பிறழ்ந்துள்ளதென அக்காலத் திறனாய்வாளர் பழித்தனர். ஆயினும், வானியலறிஞர் சேர் யோன் ஹேர்ஷலை 1867இல் அவர் எடுத்த படத்தை நோக்குமிடத்து அப்பழி நிற்பதில்லை. முகம் மிக அண்மையில் உள்ளது; ஒளி ஒரு பக்கத்திலிருந்து வீழ்கின்றது; பின்புலம் இருளில் மறைகின்றது. நரைமயிரும் நெற்றிச் சுருக்கமும் கண்களுமே எஞ்சி நின்று அம்முதியவரின் உள்ளத்தை உணர்த்துகின்றன. அண்மை, பக்கவொளி, எளிய பின்புலம் ஆகிய மூன்றுமே அங்குள்ள நுட்பம்.

1875இல் இலங்கைக்கு வந்த அவர், 1879இல் இங்கேயே காலமானார். களுத்துறையில் 1878இல் எடுத்த படமொன்றுக்கு அவர் இட்ட பெயர் 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பதாகும். ஹேர்ஷல் பெயரோடு வாழ்கின்றார்; களுத்துறையினரோ ஊராலும் தொழிலாலும் மட்டுமே சுட்டப்பெறுகின்றனர். கைத்திறன் ஒன்றே, கலைஞரும் ஒருவரே. வேறுபட்டது உறவு. முன்னவர் நண்பர், பின்னவர் வகைமாதிரி. இக்குறையை வில்லை எதுவும் நீக்காது.

கருவியும் நடுநிலையானதன்று. அக்கால ஈரக் கொலோடியன் தட்டு நீலவொளியையே பெரிதும் ஏற்றது; ஆதலின் பழுப்புத் தோல் உள்ளதினும் கருமையாகப் பதிந்தது. இன்றைய கமராவிலும் இதனை ஒத்த இடர் உண்டு. காட்சி முழுவதையும் நடுத்தர ஒளிர்வுடையதாகக் கொண்டு அது கணிப்பதால், வெண்மணற் பரப்பில் நிற்போர் முகம் இருண்டுவிடுகின்றது.

அட்டாளைச்சேனைக் கடற்கரையிற் படமெடுக்கும் மாணவர் இதனை நன்கு கருதுதல் வேண்டும். கடல் நமக்குக் கிழக்கே உள்ளது. காலையிற் கடலை நோக்கி நின்று கரைவலை இழுப்போரை எடுத்தால், கிட்டுவது கருநிழல் உருவமே. கடலைச் சற்றுப் பக்கமாக விட்டு நின்றால், தாழ்ந்த கதிரவனின் பக்கவொளி முகத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும். மணலுக்கன்றி முகத்துக்கே ஒளியை அளத்தல் வேண்டும். கைத்தொலைபேசியாயின் திரையில் முகத்தைத் தொட்டாற் போதும். உச்சிவேளையைத் தவிர்த்தலும், தொலைவிலிருந்து உருப்பெருக்காது அருகே செல்லுதலும் நலம்.

அருகே செல்லுதல் என்பது நுட்பம் மட்டுமன்று. அருகே செல்பவன் பேசவேண்டும், இசைவு பெறவேண்டும், பெயர் கேட்கவேண்டும். தம் பெயர் வெளிவருவதை விரும்பாதார் இருப்பின் அவர் விருப்பம் காக்கப்படுதல் முறை. கேட்டு மறைப்பது மரியாதை. கேளாதே விடுவது புறக்கணிப்பு. 'மீனவர்', 'உழவர்' என்னும் தலைப்புகளோடு நம் மலர்களில் வெளிவரும் படங்களையும் இவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும். அவ்வாறு மதிப்பிடின், ஒளியமைப்பில் தேறிய படங்கள் பலவும் இதிலே தேறா.