பெயர் கேளாத படம்

அகத்திணையில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. நெடுநல்வாடை அரசியின் பிரிவுத் துயரையே பேசினும், அதில் வரும் வேலின் தலையில் கட்டிய வேப்பந்தழை பாண்டியனைக் காட்டிவிடுகிறது எனக் கூறி, நச்சினார்க்கினியர் அதனைப் புறத்தின்பாற் படுத்தினார். ஓர் இலையளவு அடையாளமும் ஒருவருடைய அந்தரங்கத்தை அம்பலப்படுத்திவிடும் என்னும் கூச்சம் நம் முன்னோர்க்கு இருந்ததாக நாம் இதற்குப் பொருள் கொள்கிறோம். இலக்கணம் வல்லார் வேறு காரணம் கூறக்கூடும். அவ்வழக்கில் நாம் இறங்கவில்லை.

இம்மரபை மனத்திற் கொண்டு, உலகறிந்த ஒரு புகைப்படத்தை இங்கு ஆராய விழைகிறோம். 1936 மார்ச்சு மாதம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நிப்போமோ என்னும் ஊரருகே சாலையோரத்தில் இருந்த பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரதியா லாங் என்ற அம்மையார் எடுத்த படம் அது. 'புலம்பெயர்ந்த தாய்' என வழங்குவது. உறைபனியில் பயிர் கருகி வேலையற்றுப் போன நேரம். கூடார வாயிலில் 32 வயதுப் பெண்ணொருத்தி, மடியில் கைக்குழந்தை, இரு தோள்களிலும் சாய்ந்து நமக்கு முதுகு காட்டும் இரண்டு பிள்ளைகள். காரணம் எதுவாயினும், பிள்ளைகளின் முகம் காமிராவுக்குத் தப்பிவிட்டது. தாயின் முகம் தப்பவில்லை.

பெயரில்லாமையாலேயே அவள் எல்லாத் தாய்மார்க்கும் உருவமானாள் என்று புகழ்வாருண்டு. அகத்திணை மரபையும் அவர்கள் துணைக்கு அழைக்கலாம். நமக்கு அதில் உடன்பாடில்லை. அகத்தலைவி புலவனின் உள்ளத்தில் பிறந்தவள். அவளுக்குப் பெயரும் இல்லை, ஊரார் சுட்டிக் காட்டத்தக்க முகமும் இல்லை. இவளோ முகத்தை உலகறியக் கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் இழந்தவள். பெயரையும் கதையையும் தாம் கேட்கவில்லை என்று லாங் அம்மையாரே 1960இல் எழுதினார். உணவுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டாள் என்றும் அவர் எழுதியிருந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று குடும்பத்தார் பின்னாளில் மறுத்தனர். பெயரற்ற முகத்தின்மேல் யார் எதை எழுதினாலும் ஒட்டிக்கொள்ளும் போலும்.

லாங் அம்மையாரைப் பழிப்பது மட்டுமே நம் நோக்கமன்று. அவர் அரசாங்க வேலையாக வந்தவர். இப்படத்தால் தனியே பொருளீட்டியவரல்லர். செய்தித்தாளில் படங்கள் வெளிவந்ததும் அம்முகாமுக்கு 20,000 பவுண்டு எடையுள்ள உணவுப் பொருள்கள் சென்றன. பசித்தவர் பலர் உண்டனர். ஆனால் அதற்குள் அக்குடும்பம் அங்கிருந்து புறப்பட்டுவிட்டது.

நம்மை உறுத்துவது வேறொன்று. படத்தின் வலப்பக்க மூலையில், கூடாரக் கம்பைப் பற்றிய ஒரு கையின் கட்டைவிரல் தெரிந்தது. அது படத்தின் அமைதியைக் கெடுப்பதாகக் கருதிய லாங், பின்னாளில் அதை மூலப்படச்சுருளிலேயே மங்கச் செய்தார். ஒரு விரலுக்கு இத்தனை கவனம் செலுத்திய கலை, பெயருக்கு ஒரு கேள்வியைச் செலவிடவில்லை. அரசு அலுவலகத்தில் சாதாரண விண்ணப்பமும் பெயரின்றி மேசையைக் கடப்பதில்லை என்பதை நம் நண்பர்கள் அறிவார்கள்.

அப்பெண் 1978இல்தான் பெயரோடு வெளிப்பட்டார்: பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். இதுவரை 'அவள்' என்று எழுதிவந்த நம் கைக்கு, பெயர் வந்ததும் 'அவர்' என்றே எழுத வருகிறது. தம் பெயரைக் கேட்கவில்லை, படத்தை வெளியிடமாட்டேன் என்ற சொல்லைக் காக்கவில்லை, தமக்கு ஒரு காசும் கிட்டவில்லை என்பன அவர் குறைகள். அவருடைய மகளொருத்தி, அப்படம் தங்களுக்கு வெட்கமாகவே இருந்தது என்று கூறியிருக்கிறார்.

இதை எழுதும்போது நம் கையும் சுத்தமில்லை. ராஜஸ்தானச் சுற்றுலாவின்போது குடம் சுமந்து எதிரே வந்த பெண்களை நாமும் கேளாமலே படமெடுத்தோம். ஒருத்தி முக்காட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். வீடு திரும்பியபின் அந்தப் படமே மிக நன்றாக வந்திருப்பதாக அனைவரும் பாராட்டினர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்ததைச் செய்தித்தாளில் ஆர்வத்தோடு படித்தவர்தாம் நாமும். படம் இன்றும் கைப்பேசியில் இருக்கிறது.

1983இல் தாம்சன் அம்மையார் நோயுற்றபோது, பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டனர். 35,000 டாலருக்கு மேல் வந்தது. அதனுடன் கடிதங்களும் குவிந்தன. அப்படம் தங்களுக்குத் தைரியம் தந்தது என்று முன்பின் அறியாதவர்கள் எழுதியிருந்தனர். அவற்றைப் படித்தபின்புதான் பிள்ளைகள் அப்படத்தை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினர். அவ்வாண்டே அவர் காலமானார். கல்லறைக் கல்லில் அவருடைய பெயர் இருக்கிறது. அதன் கீழே, அவர் விரும்பாத அப்படத்தின் தலைப்பும் பொறிக்கப்பட்டிருக்கிறது.