வாய் கட்டிய பூசையும் விடிய விடியத் தப்பும்

லயத்தில் பிறந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அமைதி தேடியதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் அதற்கு இடமும் இல்லை. தகரக் கூரையின் கீழ் ஒரு வீட்டுப் பேச்சு நாலு வீட்டுக்குக் கேட்கும். விடியுமுன்னே பெரட்டுக்குப் போகும் அவசரம். அந்த அவசரத்துக்கு நடுவில், அடுப்பு மூட்டிய கையோடு திருநீறு இட்டுக்கொண்டு என் அம்மா கண்ணை மூடி நிற்பார். தேத்தண்ணி கொதிக்கிற நேரம். அதற்கு மேல் அவருக்கு வாய்த்ததில்லை. ஊவாவின் வழிபாட்டு மரபுகளைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அந்த நிற்றலைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

இந்த மாகாணத்தின் தலையாய மௌன மரபு மொனராகலை மாவட்டத்தில், மாணிக்க கங்கைக் கரையில் இருக்கிறது. கதிர்காமத்தில் அடியார் காணும்படி மூர்த்தம் கிடையாது. முருகனையும் வள்ளி தெய்வானையையும் தீட்டிய திரைச்சீலைதான் தரிசனம். கப்புறாளை வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்குள் போவார். பூசை பேச்சின்றி நடக்கும். ஆடித் திருவிழாவில் பேழை யானைமேல் வரும்போதும் உள்ளிருப்பது மூடியே இருக்கும். வெளியில் காவடியும் அரோகராவும் வானைப் பிளக்க, உள்ளே ஒரு சொல் இல்லை. ஆகம முறையில் பழகியவர்களுக்கு இது குறையாகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை. கதிர்காமத்தைத் திருப்புகழில் பாடிய அருணகிரிநாதருக்கு, சும்மா இருக்கும்படிதான் முருகன் உபதேசித்தான் என்பது நம் மரபு. அவன் சந்நிதியில் பூசை செய்பவர் வாய் கட்டி நிற்பதைவிடப் பொருத்தமான முறை வேறு எது?

அப்புத்தளையில் வேறொரு மரபு. தங்கமலைக் காட்டை ஒட்டி, தோமஸ் வில்லியர்ஸ் என்ற துரை 1931இல் கட்டிய அடிசம் மாளிகை இப்போது புனித பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். குறித்த வேளைகளில் செபம், இடையில் உழைப்பு என்று நாளைப் பகுத்துக்கொள்வது அவர்கள் வழி. 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது கண்டியை விட்டு அதன் முதல் ஆயராக வந்த லியோ நாணாயக்காரவும் பெனடிக்ட் துறவிதான்.

தோட்டத்து மக்களுக்கு உழைப்பையும் வழிபாட்டையும் பிரித்துப் பார்த்தே பழக்கமில்லை. தேயிலை ஆலையில் ரோதை ஓடும் இரைச்சலுக்குள்ளேயே ரோதை முனி இருக்கிறார். கவ்வாத்து தொடங்குமுன் கத்திகளை வைத்துக் கும்பிட, கவ்வாத்து சாமி இருக்கிறார்.

ஆனால் தோட்டத்துக் கூத்தை மட்டும் தியான மரபு எதிலும் யாரும் சேர்ப்பதில்லை. அது வெறும் சத்தம் என்று படித்தவர்கள் ஒதுக்கியதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. மாசியில் அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்தின் கதை என்ன? சிவன் தவத்தில் அமர்ந்திருக்கிறான். தேவர்கள் ஏவிவிட, மன்மதன் மலர்க்கணை தொடுத்து அந்த மோனத்தைக் கலைக்கிறான். நெற்றிக்கண் திறந்ததும் சாம்பலாகிறான். ரதி புலம்பி அழுது அவனை மீட்கிறாள். இன்னொரு கூத்தான அருச்சுனன் தபசு, பாசுபதம் வேண்டித் தவம் இருக்கப் போனவனின் கதை. நட்டுவைத்த உயரமான தபசு மரத்தில், அருச்சுனன் வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். மலையகத்தின் பெருங்கூத்துகள் மூன்று என்பார்கள். பொன்னர் சங்கர் நீங்கலாக மற்ற இரண்டும் தவத்தைப் பற்றியவை. பகலெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறித்தவர்களும் முள்ளுக் குத்தியவர்களும் விடிய விடியத் தப்படித்து ஆடுவதற்கு எடுத்துக்கொண்டது, அசையாமல் உட்கார்ந்த ஒருவனின் கதையை. இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. தமக்குக் கிடைக்காத உட்காருதலை அவர்கள் சாமிக்குக் கொடுத்தார்கள். அதைக் கலைத்தவன் எரிவதைத் தம் குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார்கள்.

கூத்தின் தரத்தைப் பலரும் வேடத்தையும் குரலையும் வைத்துச் சொல்வார்கள். காப்புக் கட்டிய ரதியும் மதனும் விரதம் காத்தார்களா என்று முதலில் விசாரிக்கும் பெரியவர்களும் உண்டு. நான் பார்ப்பது ஒரே ஓர் இடத்தை. மதன் எரிந்து, ரதியின் ஒப்பாரி இன்னும் எழாத அந்தச் சில நொடிகள். தப்பு நல்ல கைகளில் இருந்தால் அங்கே தானாக நிற்கும். அழுத குழந்தையும் வாய் மூடும். இரவு முழுக்க அடித்த அடியெல்லாம் அந்த நிறுத்தத்துக்காகத்தான் என்று அப்போது விளங்கும். கதிர்காமத்துத் திரைக்கு முன்னால் எனக்கு ஏற்பட்டதும் இதே உணர்வுதான். அடுப்படியில் அம்மாவைப் பார்த்தபோதும் இதேதான்.

இப்போது அந்த நொடிகளில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டோ நன்கொடை அறிவிப்போ நுழைந்துவிடுகிறது. திருவிழாக் குழுவில் இருக்கும் தம்பிமாரிடம் இந்த மலர் வழியாகக் கேட்பது இவ்வளவுதான்: வரும் மாசியில் பந்தலும் விளக்கும் உங்கள் விருப்பம்போல் இருக்கட்டும். மதன் எரியும் நேரத்தில் மட்டும் யாராவது ஒருவர் போய் அந்த ஒலிபெருக்கிப் பெட்டியின் அருகில் நின்று அதை நிறுத்திவையுங்கள். ரதி அழத் தொடங்கும்வரை தொடாதீர்கள்.