சுமைக்கோடு வரையும் கணினிக் கருவிகள்: வால்வு ஒலிப்பெருக்கி வடிவமைப்பில் பயனும் குறையும்

வால்வு ஒலிப்பெருக்கி வடிவமைப்பவர் முதலில் வரையும் படம் சுமைக்கோடு ஆகும். வால்வின் தரவுத்தாளில் ஆனோடு மின்னழுத்தம் கிடை அச்சிலும் ஆனோடு மின்னோட்டம் நிலை அச்சிலும் அமைந்திருக்கும். ஒவ்வொரு கிரிட் அழுத்தத்துக்கும் ஒரு வளைகோடு இருக்கும். அந்த வளைகோடுகளின் குறுக்கே ஆனோடு மின்தடையைக் குறிக்கும் நேர்கோட்டை வரைய வேண்டும். வழங்கும் மின்னழுத்தம் 250 வோல்ட், மின்தடை 100 கிலோஓம் என்றால் கோடு கிடை அச்சில் 250 வோல்ட்டையும் நிலை அச்சில் 2.5 மில்லிஆம்பியரையும் இணைக்கும். ஓமின் விதிக்கு மேல் இதில் ஒன்றுமில்லை. வில்லியம்சன் தம் புகழ்பெற்ற பெருக்கியை 1947இல் ‘ஒயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியிட்ட காலத்தில் வடிவமைப்பாளர்களின் கையில் இருந்தவை வரைபடத்தாளும் அளவுகோலும்தான்.

இன்று அதே வேலையை உலாவியில் இயங்கும் கணிப்பான்களும் எல்டிஸ்பைஸ் போன்ற இலவச மென்பொருள்களும் நொடியில் செய்கின்றன. மின்தடையை மாற்றினால் கோடு உடனே சாய்கிறது. செயல்படு புள்ளியைச் சுட்டியால் இழுத்தால் பெருக்கமும் அலைச்சிதைவும் எண்களாக மாறுகின்றன. கையால் வரைபவர் மூன்று கோடு வரைந்து அலுத்துப்போவார். கருவியோ முப்பது கோடுகளை ஒப்பிட விடுகிறது. கோடு படுத்தால் சிதைவு குறையும், நிமிர்ந்தால் கூடும் என்பது மாணவர் மனத்தில் பதிய இதைவிட நல்ல வழி இல்லை.

குறை அந்த எண்களில்தான் தொடங்குகிறது. பெரும்பாலான கருவிகள் தரவுத்தாளின் வளைகோட்டை நேரடியாகப் படிப்பதில்லை. அதற்குப் பொருத்தப்பட்ட ஒரு சூத்திரத்தைக் கொண்டு வளைகோட்டைப் புதிதாக வரைகின்றன. நார்மன் கோரன் 1996இல் வெளியிட்ட சூத்திரம் இவற்றுள் மிகப் பரவலானது. வால்வின் இயற்பியலின்படி மின்னோட்டம் அழுத்தத்தின் 1.5 அடுக்குக்கேற்ப வளர வேண்டும். கோரன் 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு 1.4 என்ற அடுக்கைக் கொடுத்தார். வளைகோட்டோடு ஒத்துப்போவதற்காகத் தேர்ந்த எண் அது. குறைந்த மின்னோட்டத்தில் முந்தைய சூத்திரங்கள் சறுக்கிய இடத்தை இது சரிசெய்தது என்பது உண்மையான முன்னேற்றமே. ஆனாலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

12ஏஎக்ஸ்7 வால்வின் தரவுத்தாளில் 250 வோல்ட் ஆனோடு அழுத்தமும் −2 வோல்ட் கிரிட் அழுத்தமும் இருக்கையில் மின்னோட்டம் 1.2 மில்லிஆம்பியர். கோரன் கொடுத்த மாறிலிகளைச் சூத்திரத்தில் இட்டால் கிடைப்பது ஏறத்தாழ 0.95. அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இனி நடைமுறைச் சுற்று ஒன்று: 250 வோல்ட் வழங்கல், 100 கிலோஓம் ஆனோடு மின்தடை, 1.5 கிலோஓம் கேத்தோடு மின்தடை. இதே வால்வின் ஐரோப்பியப் பெயரான இசிசி83க்கு முல்லார்டு தரும் மதிப்பு 0.86 மில்லிஆம்பியர், சூத்திரம் தருவது சுமார் 0.8. பிழை ஏழு விழுக்காட்டுக்குச் சுருங்கிவிட்டது. சூத்திரம் இங்கே திடீரெனத் திருந்திவிடவில்லை. மின்னோட்டம் குறைந்தால் கேத்தோடு மின்தடையில் விழும் அழுத்தமும் குறைகிறது, அது மின்னோட்டத்தை மீண்டும் உயர்த்துகிறது. வால்வுக்கு வால்வு உள்ள வேறுபாட்டையும் இந்த மின்தடைதான் ஓரளவு அடக்குகிறது. கேத்தோடு மின்தடை உள்ள சுற்றில் கருவியின் எண்ணை நம்பிப் பழகியவர், நிலையான கிரிட் அழுத்தம் கொடுக்கும் சுற்றிலும் அதே நம்பிக்கையோடு இறங்கினால் ஏமாறுவார். இந்த வேறுபாட்டைக் கருவியின் திரை எங்கும் சொல்வதில்லை.

கிரிட் மின்னோட்டம் இன்னொரு மறைவிடம். மேற்சொன்ன சுற்றில் கிரிட், கேத்தோடைவிட 1.29 வோல்ட் கீழே நிற்கிறது. எளிய கருவி, உள்ளீடு 1.29 வோல்ட் வரை ஏறலாம் என்று 0 வோல்ட் வளைகோடு வரைக்கும் கோட்டை நீட்டுகிறது. உண்மையான வால்விலோ கிரிட் −1 வோல்ட்டை நெருங்கும்போதே சிறு மின்னோட்டம் தொடங்கிவிடலாம். முந்தைய கட்டத்தின் உள்தடை அதிகமாக இருந்தால் அலையின் மேல்முனை அங்கேயே மழுங்கும். திரையில் தெரிந்த இடவசதியில் கால்பங்குதான் கையில் மிஞ்சும்.

அடுத்த கட்டத்தின் சுமையைச் சேர்க்க மறப்பது கருவியின் குற்றமன்று, பயன்படுத்துபவரின் குற்றம். ஆனால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாலும் விடை தரும் கருவி அதற்குத் துணைபோகிறது. 220 கிலோஓம் கிரிட் மின்தடை இணைந்தால் ஒலியலைக்குத் தெரியும் சுமை 100 அன்று, 68.75 கிலோஓம். கோடு நிமிர்கிறது, பெருக்கம் குறைகிறது.

வெளியீட்டுக் கட்டத்தில் நேர்கோடு என்ற கருத்தே ஆட்டம் காண்கிறது. இஎல்84 வால்வை 250 வோல்ட்டில் 48 மில்லிஆம்பியருக்கு அமைப்பது வழக்கம். பெருக்கிப் பார்த்தால் 12 வாட். ஆனோடு தாங்கும் உச்ச வரம்பும் அதுவே. தரவுத்தாள் இதற்கு 5.2 கிலோஓம் சுமையைச் சொல்லி 5.7 வாட் வெளியீட்டைத் தருகிறது, அதுவும் 10 விழுக்காடு சிதைவோடு. வெளியீட்டு மின்மாற்றி 8 ஓம் ஒலிபெருக்கியை 650 மடங்கு உயர்த்தி அந்த 5.2 கிலோஓமாகக் காட்டுகிறது. ஆனால் 8 ஓம் என்பது பெயரளவு மதிப்பே. ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் ஒலிபெருக்கி 40 ஓம் காட்டினால் வால்வு பார்ப்பது 26 கிலோஓம். அந்தப் புள்ளிக்கு இருபுறமும் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றோடொன்று ஒத்துச் செல்வதில்லை. கோடு நீள்வட்டமாக விரிகிறது. பல கணிப்பான்கள் இங்கும் ஒரே நேர்கோட்டை வரைந்து, அதிலிருந்து சிதைவைத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை சொல்கின்றன. அந்த இரண்டாம் இலக்கத்தை நம்பி விலையுயர்ந்த மின்மாற்றியை வாங்குவோர் உண்டு.

சிதைவை முழுப் பெருக்கிக்கும் கூட்டிச் சொல்வதும் பிழையே. அடுத்தடுத்த இரு கட்டங்கள் அலையைத் தலைகீழாக்குவதால் ஒன்றின் இரண்டாம் சுரத்தை மற்றொன்று ஓரளவு கழித்துவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே காட்டும் கருவியில் இது தெரியாது. முழுச் சுற்றையும் ஸ்பைஸில் இட்டால்தான் தெரியும்.

ஆகவே கருவியிடம் கேட்க வேண்டிய கேள்வி, எந்தக் கோடு எந்தக் கோட்டைவிட மேல் என்பது. அதற்கு அது நேர்மையாகவே பதில் சொல்கிறது. எத்தனை மில்லிஆம்பியர் என்ற கேள்விக்குச் சுற்றைக் கட்டி முடித்தபின் அளவி பதில் சொல்லட்டும்: கேத்தோடு மின்தடையின் இரு முனைகளில் கறுப்பு, சிவப்பு முனைகளை வைத்தால் மேற்சொன்ன சுற்றில் சூத்திரம் எதிர்பார்ப்பது 1.2 வோல்ட், தரவுத்தாள் எதிர்பார்ப்பது 1.29. அளக்கும்போது சில விரற்கடை தள்ளி 250 வோல்ட் நிற்கிறது. ஒரு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அளப்பது பழைய வானொலி பழுதுபார்ப்பவர்களின் வழக்கம்.