கோல்ட் பிரேம்: முதல் வருடத் தோட்டத்துக்குத் தேவையா?

மார்ச் பிறந்ததும் ரொறன்ரோவின் தோட்டக் கடைகளில் விதைப் பைக்கற்றுகளுக்குப் பக்கத்தில் கோல்ட் பிரேம் பெட்டிகளையும் அடுக்கிவிடுவார்கள். மட்டையிலுள்ள படத்தில் வெளியே ஸ்னோ, மூடிக்குள் பச்சைப்பசேலென்று கீரை. ஆறு மாதம் மரக்கறிக் கடையையே நம்பியிருந்தவர்களுக்கு அந்தப் படம் ஒன்றே போதும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இந்த வருடம்தான் பின்வளவைக் கொத்தத் தொடங்கும் பலர் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: இதை வாங்கினால் கத்தரியையும் மிளகாயையும் ஏப்ரலிலேயே நடலாமா?

நடமுடியாது. முதல் வருடத்தில் இதை வாங்கவும் வேண்டாம். நான் இதைப் பல பருவங்களாகப் பாவிக்கிறேன், இனியும் பாவிப்பேன். என் தோட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாமான்களில் இதுவும் ஒன்று. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் இதனிடம் எதிர்பார்ப்பது ஒன்று, இது செய்வது வேறொன்று.

என்னிடமுள்ளது கடைகளில் பரவலாகக் கிடைக்கும் வகை. 4 அடி நீளம், 2 அடி அகலம், அடியில்லாத மரப்பெட்டி. பின்பலகை உயரம், முன்பலகை பதிவு. அந்தச் சாய்வின்மேல் பிணைச்சல் போட்ட மூடி. மூடியில் 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரட்டைச் சுவர்ப் பொலிகாபனேற் தகடு. பூட்டுவதற்கு ஒரு திருப்புளி போதும். தகட்டை வெட்டிய விளிம்பைக் கிட்டப் பார்த்தால் சிறுசிறு குழாய்கள் வரிசையாக வாய் திறந்திருப்பது தெரியும். அவற்றை ஒட்டுநாடாவால் மூடாமல் விட்டால் ஈரம் உள்ளே போய், ஒரு கோடை முடிவதற்குள் பாசி படர்ந்து வெளிச்சத்தைக் குறைக்கும். இதைக் கையேட்டில் போடவில்லை. மூடியைத் தாங்க, வெட்டுப் போட்ட ஒரு தடி கொடுத்திருந்தார்கள். ஏப்ரல் காற்றுக்கு அந்தத் தடி நிற்காது. மூடி பாரமில்லாதது, காற்று கீழே புகுந்தால் பின்னுக்கு அடித்துப் பிணைச்சலைப் பிடுங்கிவிடும். ஒரு சங்கிலித் துண்டை இரண்டு கொளுக்கிகளில் மாட்டிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. இப்படியான பெட்டி நூறு டொலருக்கு மேலே போகும், தடித்த பலகை என்றால் இன்னும் கூட.

அடுத்தது சூடு. குளிரைத் தடுக்க வாங்கும் பெட்டியில் கன்றுகள் பெரும்பாலும் சாவது சூட்டால்தான். வெளியே 9 பாகை செல்சியஸ், வானம் வெளித்திருக்கிறது, மூடி பூட்டியிருக்கிறது. அப்படியொரு ஏப்ரல் மத்தியானத்தில் உள்ளே வைத்த வெப்பமானி 38-ஐக் காட்டியது. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் நடப்பதேதான் இங்கும் நடக்கிறது: வெயில் உள்ளே வந்து மண்ணைச் சுடவைக்கிறது, சூடான காற்று வெளியேற வழியில்லை. கீரைக் கன்றின் இலை முதலில் துவளும், பிறகு ஓரம் கடதாசிபோல் காயும். இதற்கு ஒரு முழுப் பகல்கூடத் தேவையில்லை.

ரொறன்ரோவின் ஏப்ரலில் விடிய உறைபனி இருக்கும், மத்தியானம் 14 பாகை வரும், பின்னேரம் முகில் மூடும். மூடியைக் காலையில் திறந்து மாலையில் மூட வீட்டில் ஒருவர் இருந்தால் நல்லது. கணவனும் மனைவியும் ஏழு மணிக்கு வேலைக்குப் போகும் வீட்டில் யார் திறப்பது? இதற்கென்று மின்சாரம் இல்லாமல் இயங்கும் ஒரு தானியங்கித் திறப்பான் விற்கிறார்கள். ஒரு சிறிய உருளைக்குள் மெழுகு. சூடேறினால் மெழுகு விரிந்து தண்டைத் தள்ளும், மூடி உயரும். குளிர்ந்தால் சுருங்கும், மூடி இறங்கும். எத்தனை பாகையில் திறக்கவேண்டும் என்று திருகி வைக்கலாம். சற்று மெதுவாகத்தான் இயங்கும், ஆனால் நம்பலாம். என் பெட்டி உண்மையில் உதவத் தொடங்கியது இதைப் பூட்டிய பிறகுதான். பெரும்பாலான மலிவுப் பெட்டிகளோடு இது வராது, தனியாக வாங்கவேண்டும்.

இனி இரவு. ஒற்றை மூடியுள்ள பெட்டி இரவில் வெளியைவிட 2 முதல் 4 பாகை வரைதான் சூடாக இருக்கும். பகலில் மண் வாங்கி வைத்த சூட்டை மெதுவாக விடுவதைத் தவிர அதனிடம் வேறு அடுப்பு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துத் தோட்டக்காரர்கள் இதே மாதிரிப் பெட்டிகளால் குளிர்காலத்தில் சலாட் விளைவித்து விற்றார்கள். அவர்கள் பெட்டிக்கு அடியில் புதிய குதிரைச் சாணத்தை அடுக்கியிருந்தார்கள். அது புளித்துச் சூடேறியது, மூடி அந்தச் சூட்டைப் பிடித்து வைத்தது. நம் பின்வளவில் அந்தச் சாணம் இல்லை.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரவு வெப்பம் 10 பாகைக்கு மேல் வேண்டும். அதற்குக் கீழே போனால் கன்று செத்துவிடாவிட்டாலும் திகைத்து நின்றுவிடும், பிறகு வாரக்கணக்கில் வளராது. ஏப்ரல் இரவு 1 பாகை என்றால் பெட்டிக்குள் 4. கத்தரிக்கு அது காணாது. ஆகவே பழைய கணக்கு மாறுவதில்லை: மார்ச்சில் வீட்டுக்குள் விதை, நல்ல வெளிச்சத்தில் எட்டு முதல் பத்து வாரம் வளர்ப்பு, விக்ரோறியா தின நீண்ட வார இறுதிக்குப் பிறகு நிலத்தில். மே 25-க்கு முந்திய திங்கட்கிழமை வரும் அந்த விடுமுறையை இங்குள்ள தோட்டக்காரர்கள் எல்லோரும் எல்லையாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு, உறைபனி மே நடுப்பகுதிவரைகூட வரும்.

பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கேட்டார்: "தம்பி, இதுக்குள்ள கறிவேப்பிலையை விட்டா குளிருக்குத் தாங்குமோ?" தாங்காது அம்மா. தை மாதத்தில் ஒருசில இரவுகள் மைனஸ் 15-க்கும் கீழே போகும். கறிவேப்பிலை உறைபனியையே தாங்காத மரம். அது சாடியில் வீட்டுக்குள், யன்னலோரமாக இருக்கட்டும்.

குளிர்காலம் முழுக்கக் கீரை பறிக்கலாம் என்ற படத்துக்கும் ஒரு எல்லை உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வெப்பமூட்டாத பசுமைக்குடில்களில் குளிர்கால அறுவடை செய்து காட்டியவர் எலியட் கோல்மன். அவருடைய 'ஃபோர் சீசன் ஹார்வெஸ்ட்' 1992-ல் வந்தது. பகல் 10 மணிநேரத்துக்குக் குறைந்தால் பயிர் ஏறத்தாழ வளராமல் நின்றுவிடும் என்பது அவர் வலியுறுத்துவது. ரொறன்ரோவில் நவம்பர் முதல் கிழமை தொடங்கிப் பெப்ரவரி முதல் கிழமை வரை அந்த நிலைதான். டிசம்பர் 21-ல் பகல் 9 மணிநேரம்கூட இல்லை. அந்த மூன்று மாதத்தில் பெட்டி ஒரு சேமிப்பறை மட்டுமே. ஒக்ரோபரில் வளர்ந்து முடிந்ததை வைத்திருந்து பறிக்கலாம், புதிதாக வளர்க்க முடியாது.

அப்படியானால் இதை ஏன் வைத்திருக்கிறேன்? கொத்தமல்லிக்காக. ஜூலை வெயிலில் கொத்தமல்லி இலை தராமல் பூத்து ஓடிவிடும், குளிர் அதற்குப் பிடிக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் விதையை இரண்டாக நசித்து, பெட்டிக்குள் வரிசையாகத் தூவினால், மற்றவர்கள் பாத்தி கொத்தும் நாளில் கைநிறையப் பறிக்கலாம். தண்டு கட்டையாக, இலை தடிப்பாக, கடைக் கொத்தமல்லியில் இல்லாத வாசத்தோடு இருக்கும். வெந்தயக் கீரையும் அப்படியே. செப்ரெம்பரில் விதைத்த ஸ்பினாச் குளிர்காலத்தில் தரையோடு ஒட்டிக் கிடந்து, மார்ச்சில் பகல் நீண்டதும் எழும்பும். அந்த முதல் பறிப்பின் இனிப்பு அலாதியானது. குளிருக்குத் தாக்குப்பிடிக்க இலை தனக்குள் சர்க்கரையைச் சேர்ப்பதால் வரும் இனிப்பு அது.

இன்னொரு வேலை மே மாதத்தில். யன்னலோரம் வளர்ந்த தக்காளிக் கன்றை நேரே வெளியில் வைத்தால் இலை வெளுத்துச் சுருளும், காற்று தண்டை முறிக்கும். ஏழு முதல் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கவேண்டும். பெட்டிக்குள் வைத்து மூடியை நாளுக்கு நாள் கூடுதலாகத் திறந்தால் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு திரியும் வேலை மிச்சம். இருபது கன்றுள்ளவர் தூக்கிவிடலாம், நூறு கன்றுள்ளவருக்கு இது பெரிய உதவி.

வாங்குவதற்கு முன் நிழலைப் பாருங்கள். வீட்டின் வடக்கே பின்வளவு என்றால் இந்தப் பெட்டி உங்களுக்கு அநேகமாக உதவாது. 7 மீற்றர் உயரமான இரண்டு மாடி வீட்டின் மத்தியான நிழல் மார்ச் 21-ல் ஏழு மீற்றரை நெருங்கும், டிசம்பரில் 16 மீற்றரைத் தாண்டும். பெட்டியின் பதிந்த பக்கம் தெற்கே பார்க்கவேண்டும், முதுகுக்குச் சுவர் இருந்தால் மிக நல்லது. பழைய யன்னல்களைக் கொண்டு சொந்தமாகச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பழங்காலத்துப் பூச்சில் ஈயம் இருக்கலாம், அது உரிந்து கீரைப் பாத்தியில் விழக்கூடாது.

முதல் வருடக்காரருக்கு நான் சொல்வது பாத்திமேல் விரிக்கும் வெள்ளைத் துணியை. நெய்யாத பொலிபுரொப்பிலீன் துணி, மழையும் காற்றும் அதற்குள்ளால் போகும். சில கம்பி வளைவுகளின்மேல் விரித்து ஓரத்தைக் கல்லால் அழுத்தினால் வேலை முடிந்தது. சாதாரண துணி 1, 2 பாகைதான் கூட்டும். ஆனால் நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது கன்றுகளை அவிக்காது. முழுப் பாத்தியையும் மூடும், விலையும் பெட்டியைவிடப் பலமடங்கு குறைவு. கொத்தமல்லிக்கும் ஸ்பினாச்சுக்கும் தொடக்கத்தில் இது போதும். மிஞ்சும் காசுக்கு நல்ல எருவும், வீட்டுக்குள் கன்று வளர்க்க ஒரு விளக்கும் வாங்கினால் உங்கள் கத்தரிக்கு அது கூடுதலாக உதவும்.

இரண்டாம் வருடத்தில், தெற்கு வெயில் விழும் இடம் இருந்து, ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் கீரை வேண்டும் என்ற ஆசை நிலைத்திருந்தால் கோல்ட் பிரேம் வாங்குங்கள். அப்போதும் தானியங்கித் திறப்பானுக்கான காசை முதலில் ஒதுக்கி வையுங்கள். இரண்டும் சேர்த்து வாங்க முடியாவிட்டால் இன்னொரு வருடம் துணியோடே போங்கள்.