கழுவாயும் பாவசங்கீர்த்தனமும்: சொற்பொருள் ஆய்வு

முன்னுரை

செய்த குற்றத்தை உணர்ந்து அதனின்று விடுபட மேற்கொள்ளும் செயல்களைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. கழுவாய், பிராயச்சித்தம், பரிகாரம், பாவசங்கீர்த்தனம், பாவ அறிக்கை, பாவமன்னிப்பு, ஒப்புரவு ஆகியன அவற்றுட் சில. மொழிபெயர்ப்புகளில் இவை ஒன்றற்கு ஒன்று மாற்றாக ஆளப்படுவதும் உண்டு. இவை ஒருபொருட் பன்மொழிகளா, ஒரே நிகழ்வின் வெவ்வேறு படிநிலைகளைச் சுட்டுவனவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கழுவாய்

இவற்றுள் தொன்மை மிக்கது கழுவாய். கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 34ஆம் பாடலில் இச்சொல் இடம்பெறுகிறது. கொடிய பாவங்களுக்கும் கழுவாய் உண்டு. செய்ந்நன்றி கொன்றவர்க்கு மட்டும் உய்தி இல்லை என்பது அப்பாடலின் கருத்து. கழுவுதல் என்னும் வினையடியோடு, வழி என்னும் பொருளுடைய 'வாய்' இயைந்த சொல்லாக இதனைக் கொள்ளலாம். இங்கு வாய் என்பது பேசும் உறுப்பைக் குறிக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. கழுவாயில் செயல் உண்டு. சொல்லுதல் அதன் இன்றியமையாத கூறு அன்று. பிராயச்சித்தமும் இத்தகையதே. 'பிராயம்' தவத்தையும் 'சித்தம்' உறுதிப்பாட்டையும் குறிக்கும் என்பது வடமொழி மரபு தரும் விளக்கம். இரு சொற்களிலும் குற்றத்திற்கு ஈடுசெய்தலே முதன்மை பெறுகிறது.

பாவசங்கீர்த்தனம்

குற்றத்தை ஒருவரிடம் வாய்விட்டு உரைத்தலை ஒரு சடங்காகக் கொண்ட கத்தோலிக்க மரபு தமிழுக்கு வந்தபோது அதற்குரிய சொல் தேவைப்பட்டது. அண்டிரிக் அடிகளார் 1580இல் கொச்சியில் அச்சிட்ட நூலின் பெயர் 'கொம்பெசியோனாயரு'. போர்த்துக்கீசியச் சொல்லே ஒலிபெயர்ப்பாக நூற்பெயராயிற்று. பின்னர் வேரூன்றிய சொல் பாவசங்கீர்த்தனம் ஆகும்.

கீர்த்தனம் இறைபுகழ் பாடுதலைக் குறிப்பதால், அதனைப் பாவத்தோடு இணைத்தது பொருந்தாது எனத் தோன்றலாம். ஆயின் வடமொழியில் 'கீர்த்' என்னும் அடிக்கு எடுத்துரைத்தல், புகழ்தல் ஆகிய இரு பொருளும் உண்டு. இலத்தீன் மொழியின் 'கொன்ஃபெசியோ' என்னும் சொல்லும் அவ்வாறே குற்றத்தை ஏற்றுரைத்தலையும் இறைவனைப் புகழ்ந்துரைத்தலையும் ஒருங்கே குறிப்பதாகும். கி.பி. 400ஐ ஒட்டி அகுஸ்தீனார் இயற்றிய தன்வரலாற்று நூலின் பெயர் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கிறது. எனவே பாவசங்கீர்த்தனம் என்பதைப் பொருத்தமற்ற வடசொல்லாக்கம் எனத் தள்ளிவிட இயலாது. சீர்திருத்தத் திருச்சபையாரின் 'பாவ அறிக்கை', 'விசுவாச அறிக்கை' என்னும் தொடர்களிலும் அறிக்கை என்னும் ஒரே சொல் குற்றத்தை உரைத்தலையும் நம்பிக்கையை உரைத்தலையும் சுட்டுகிறது.

ஒப்புரவு

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962-65) பிந்தைய கத்தோலிக்க வழக்கில் இவ்வருளடையாளத்தை ஒப்புரவு எனச் சுட்டுதல் பெருகியது. இறைவனோடு மட்டுமன்றித் திருச்சபையோடும் ஒன்றுபடுதல் என்னும் சங்கப் போதனைக்கு இச்சொல் இசைவானது. திருக்குறளின் 22ஆம் அதிகாரத்தில் ஒப்புரவு என்பது உலகநடை அறிந்து பிறர்க்கு உதவுதலாகும். குற்றம் பற்றிய பேச்சு அங்கில்லை. எனினும் 'ஒப்பு' என்னும் அடி, சமமாதல், இசைதல், ஏற்றுக்கொள்ளுதல் எனப் பொருள் விரிந்துள்ளது. குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல், நீதிமன்ற வழக்கிலுள்ள ஒப்புதல் வாக்குமூலம் ஆகியன அதன் வழிவந்தவை. புதிய ஏற்பாட்டில் அறிக்கையிடுதலைக் குறிக்கும் 'ஹோமோலோகெயின்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் 'ஒன்றையே சொல்லுதல்' என்பதே வேர்ப்பொருள். தொடர்பற்ற இரு மொழிகளில் ஒத்த வேர்ப்பொருள் ஒரே கருத்துக்கு அடிப்படையானமை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

சங்கீர்த்தனமும் அறிக்கையும் சொல்லுதலைக் குறிப்பன. கழுவாயும் பிராயச்சித்தமும் பரிகாரமும் ஈடுசெய்தலைக் குறிப்பன. மன்னிப்பும் ஒப்புரவும் அவற்றின் விளைவைக் குறிப்பன. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டால் படிநிலை ஒன்று மறைந்துபோகும். அகுஸ்தீனாரின் நூற்பெயரைக் கழுவாய் என மொழிபெயர்த்தால் புகழுரை என்னும் பொருள் முற்றிலும் கெடும். நீதிமன்றத்தில் ஒப்புதல் வாக்குமூலம் அளித்தவரைக் கழுவாய் தேடியவர் எனக் கூறவும் முடியாது. பாவசங்கீர்த்தனத்தைப் பொதுவழக்கில் 'பாவமன்னிப்பு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கேட்பவர் தரவேண்டியதைச் சொல்பவரின் செயலாக அது மாற்றிவிடுகிறது. தன் குற்றத்தைத் தானே உரைக்கும் அருஞ்செயல் சொல்லளவிலேயே விடுபட்டுப்போகிறது. சொல்லின் பிறப்பு வடமொழியா தமிழா என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், அச்சொல் எப்படிநிலையைச் சுட்டுகிறது என்பதையும் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் கருத்திற் கொள்ளவேண்டும்.