எஸ்.என்.எம்.பி.யை எதுவரை நம்பலாம்?

எந்த ஸ்விட்ச்சில் எந்த போர்ட் விழுந்தது, எந்த லிங்க் நிரம்பிக் கிடக்கிறது என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க இன்றும் முதலில் கைகொடுப்பது 1988இல் வந்த எஸ்.என்.எம்.பி. நெறிமுறைதான். எந்த கம்பெனி ஸ்விட்ச்சாக இருந்தாலும் யுடிபி 161இல் ஒரே மாதிரி கேட்கலாம். அடிப்படைக் கணக்குகளுக்கு ஒரே மாதிரி பதில் வரும். இந்தப் பொதுமையை அதற்குப் பின் வந்த எதுவும் முழுதாக எட்டவில்லை. பதில் வருகிறது என்பதற்காக அப்படியே நம்பிவிடலாமா என்பதுதான் கேள்வி.

கவுன்ட்டரையே எடுத்துக்கொள்வோம். போர்ட்டுக்குள் வரும் பைட்டுகளை எண்ணும் பழைய கவுன்ட்டர் 32 பிட். சுமார் 429 கோடி வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 1 ஜிகாபிட் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் 34 விநாடிக்கு ஒரு சுற்று. வழக்கம்போல 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால், இடையில் 8 சுற்று காணாமல் போயிருக்கும். மூச்சுமுட்ட ஓடும் லிங்க், கிராஃபில் வெறும் 84 மெகாபிட்டாகத் தெரியும். இதைவிட ஆபத்தான பொய் கண்காணிப்பில் இல்லை, ஏனென்றால் அலாரமே அடிக்காது. 64 பிட் கவுன்ட்டர் எப்போதோ வந்துவிட்டது; பதிப்பு 1இல் மட்டும் அதைக் கேட்க வழியில்லை. அந்தப் பதிப்பை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

அடுத்து வந்த பதிப்பு 2சி கவுன்ட்டர் குறையைத் தீர்த்தது, பாதுகாப்புக் குறையைத் தீர்க்கவில்லை. கடவுச்சொல் போலப் பயன்படும் அதன் கம்யூனிட்டி ஸ்ட்ரிங் வயரில் அப்பட்டமாகப் போகிறது. பல இடங்களில் அது இன்னும் ‘பப்ளிக்’தான். 2021இல் ஏபிடி28 என்ற ஹேக்கர் குழு சிஸ்கோ ரவுட்டர்களுக்குள் எஸ்.என்.எம்.பி. வழியாகவே நுழைந்ததாக பிரிட்டிஷ், அமெரிக்க அமைப்புகள் 2023 ஏப்ரலில் கூட்டாக எச்சரித்தன. அடையாளச் சோதனையும் மறையாக்கமும் கொண்ட பதிப்பு 3, 2002இலேயே முழுத் தரமாகிவிட்டது. யூசர், இரண்டு சாவி என்று ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் அமைப்பது சள்ளை பிடித்த வேலைதான். அது தள்ளிப்போடக் காரணமாகாது.

கேட்காமலேயே ஸ்விட்ச் தானாக அனுப்பும் எச்சரிக்கையான டிராப் வந்தால் நல்லது. வராததை நலம் என்று கொள்ளக் கூடாது. யுடிபியில் தொலைந்த டிராப்புக்கு ஒப்புகை கிடையாது. கேட்டு வாங்கும் கணக்கிலும், ஒரு விநாடிக்குள் வந்து போகும் நெரிசலை 5 நிமிடச் சராசரி விழுங்கிவிடும். அதைப் பிடிக்க, ஸ்விட்ச்சே தொடர்ந்து தரவை அனுப்பும் ஸ்ட்ரீமிங் டெலிமெட்ரி வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு: படிப்பதற்கு எஸ்.என்.எம்.பி. இருக்கட்டும், பதிப்பு 3இல், 64 பிட் கவுன்ட்டரோடு. எழுதும் அனுமதியை எல்லா ஸ்விட்ச்சிலும் மூட வேண்டும். பதிப்பு 3 தெரியாத ஸ்விட்ச்சைத் தனி மேனேஜ்மென்ட் விலானில் அடைத்து, அடுத்த பட்ஜெட்டில் முதல் ஆளாக மாற்ற வேண்டும்.